அப்பாதுரையின் கோபத்துக்கு எட்டு ஊசி

அப்பாதுரைக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. சின்னக் காரணமே போதும். அதுவும் கிடைக்காவிட்டால் அவரே ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்வார். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் அவர் சூப்பிரண்டு. அங்கே அவர் வாயைத் திறந்தால் பக்கத்துப் பிரிவில் டைப்ரைட்டர்கள் நின்றுவிடும் என்பார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த வீட்டம்மாவுக்கு அவர் மேல் தனி மரியாதை.

இப்பேர்ப்பட்ட கோபத்தை யாராவது ஆசையாசையாகப் போற்றி வளர்ப்பார்களா? வளர்த்தாள் ஒருத்தி. அவர் பெற்ற ஒரே மகள் சிந்துஜா.

சிந்துஜாவுக்கு இருபத்திரண்டு வயது. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவள். கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? அப்பாவின் கோபத்தையும் அவள் உட்கார்ந்து படித்தாள். எதைத் தொட்டால் வெடிக்கும், எத்தனை நிமிஷத்தில் வெடிக்கும், வெடித்தால் எத்தனை வீடு தள்ளிக் கேட்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதை வைத்தே இரண்டு மாப்பிள்ளை வீட்டாரைத் துரத்தியிருந்தாள்.

முதல் மாப்பிள்ளை செங்கத்திலிருந்து வந்தார். அன்றைய செய்தித்தாளை அப்பா பிரிப்பதற்கு முன்னாலேயே சிந்துஜா நாலாகக் கிழித்து, எண்ணெய் உறிஞ்சட்டும் என்று பஜ்ஜித் தட்டுகளில் விரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாவது வாழைக்காய் பஜ்ஜியை எடுத்தபோது அடியில் தலையங்கம் தெரிந்தது. அப்பாதுரை எழுந்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டாம். அந்தப் பெரியப்பா வாயிலிருந்த பஜ்ஜியை மென்றபடியே பஸ் ஏறினார்.

இரண்டாவது மாப்பிள்ளை சேத்துப்பட்டு. அன்றைக்குத் தண்ணீர் மோட்டாரை நிறுத்த 'மறந்து' போனாள். மாடித் தொட்டி வழிந்து, வாசலில் கிடந்த ஒன்பது ஜோடி செருப்பும் தெருவை நோக்கிப் புறப்பட்டன. அப்பா கரண்டு பில்லைப் பற்றிக் கத்த ஆரம்பித்தார். "விடுங்க மாமா, தண்ணிதானே" என்று மாப்பிள்ளை சொன்னார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையில் சம்பந்தம் முறிந்தது.

அவளுக்குக் கல்யாணம் வேண்டாம் என்பதல்ல. கல்லூரித் தோழி உம்மே ஹானியின் கல்யாணத்துக்கு நகை பார்க்கப் போகிறோம் என்று புளுகிவிட்டு, இருவரும் மெட்ராஸ் போய் ரயில்வே பரீட்சை எழுதியிருந்தார்கள். ஹானிக்குக் கல்யாணமும் இல்லை, வேலையும் கிடைக்கவில்லை. சிந்துஜா தேறிவிட்டாள். உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலை! பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆர்டர் வரும்வரை கழுத்தில் தாலி ஏறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரே அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டில் அப்பாதுரையிடம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோனவர் எவரும் கிடையாது. தனம், அதாவது சிந்துஜாவின் அம்மா, இருபத்தைந்து வருஷமாகப் பாதி வாக்கியங்களிலேயே குடித்தனம் நடத்தினாள்.

இந்த நேரத்தில்தான் தனம் குறுக்கே விழுந்து காரியத்தைக் கெடுத்தாள். சேத்துப்பட்டுக்காரர்கள் போனதிலிருந்து அப்பாதுரைக்குத் தூக்கம் போய்விட்டது. பி.பி. ஏறியது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. "டென்ஷனைக் கம்மி பண்ணுங்க" என்று டாக்டர் சொன்னதற்கு, "டென்ஷன்னு யாருய்யா சொன்னது?" என்று கத்தியதில் இன்னும் பத்து பாயிண்டு ஏறியது. மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். யாரோ சொன்னார்கள் என்று தனம் புருஷனை நசீர் அகமதுவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

நசீர் அகமது வேறு யாருமில்லை, உம்மே ஹானியின் அப்பா. மருந்துக்கடை வைத்திருந்தவர், ஐம்பது வயதில் மெட்ராஸ் போய் ஆக்குபங்சர் படித்துவிட்டு வந்து, பே கோபுரத் தெருவில் ஒரு தையல் கடையின் மாடியில் போர்டு மாட்டியிருந்தார். கீழே துணிக்கு ஊசி, மேலே ஆளுக்கு ஊசி என்று ஊரில் கேலி செய்வார்கள். பாய் அதற்கும் சிரிப்பார். எதற்கும் சிரிக்கும் மனிதர்.

முதல் நாள் அவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். பிறகு, "நாக்கை நீட்டுங்க சார்" என்றார்.

"தலைவலின்னு வந்தா நாக்கை எதுக்குய்யா பாக்கறே?"

"கோபம் கல்லீரல்ல தங்குதுன்னு சீனா வைத்தியத்துல சொல்லுவாங்க சார். அது நாக்குல தெரியும்."

"என் கல்லீரலைப் பத்திப் பேச சீனாக்காரன் யாருய்யா?"

"கரெக்ட் சார். கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே பாய் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு ஊசியை இறக்கினார். முடியளவு ஊசி. அப்பாதுரை கத்துவதற்காக மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சு குறட்டையாக வெளியே வந்தது. எந்த மிஷின் இப்படி ஓடுகிறது என்று கீழிருந்து டெய்லர் ஏறிவந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

அப்புறம் வாரம் இரண்டு நாள். உச்சந்தலையில் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று, காதுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலில் பெருவிரல் பக்கத்தில் ஒவ்வொன்று என்று மொத்தம் எட்டு ஊசி. வீட்டில் காப்பியை நிறுத்திவிட்டுக் காய்ந்த சாமந்திப்பூவைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னார் பாய். "சாமிக்குப் போடற பூவை எனக்குப் போடறாங்க" என்று முனகிக்கொண்டே அப்பாதுரை குடித்தார். ஆறே வாரம். மனிதர் மாறிப்போனார்.

காய்கறிக்காரன் சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிட்டபோது, "அதுவும் ஒரு உயிர்தானே" என்றாராம். அலுவலகத்தில் தாமதமாக வந்தவனைப் பார்த்துப் புன்னகைத்தாராம். அவன் பயத்தில் மூன்று நாள் மெடிக்கல் லீவு போட்டுவிட்டான். தனம் பூரித்துப் போனாள். இப்போதெல்லாம் அவள் முழு வாக்கியம் பேசினாள்.

சிந்துஜாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்த்தாள். செய்தித்தாளைக் கிழித்து வைத்தாள். அப்பா துண்டுகளைத் தரையில் ஒட்டிவைத்துக் குனிந்து படித்தார். மோட்டாரை நிறுத்தாமல் விட்டாள். "தண்ணி வழியுது பாரும்மா" என்றார், ஏதோ மழையை ரசிக்கிறவர் மாதிரி. அவருடைய நாற்காலியில் போய்ச் சட்டமாக உட்கார்ந்தாள். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். அட கடவுளே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்கப்பாவாலதான்டி எல்லாம்" என்று ஹானியிடம் சண்டைக்குப் போனாள்.

"ஊரே பாராட்டுது, நீ அழறியா?" என்றாள் ஹானி. "இந்தா, அழறதா இருந்தா இதைப் பாத்துட்டு அழு."

ரயில்வே ஆர்டர். பயந்துகொண்டு ஹானி வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். ஜூன் ஒன்றாம் தேதி திருச்சியில் பயிற்சிக்குச் சேர வேண்டும், தவறினால் வேலை ரத்து என்று அதில் போட்டிருந்தது. அவள் அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துணிக்கடியில் வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அதே வாரம் மூன்றாவது மாப்பிள்ளை முளைத்தார். போளூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் ராஜமாணிக்கத்தின் மகன் எழில். "பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேணாம், வீட்ல மகாலட்சுமி மாதிரி இருந்தா போதும்னு சொல்றாங்க" என்று தரகர் பெருமையாகச் சொன்னார். பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவதாம். நாள், மே முப்பது, ஞாயிற்றுக்கிழமை. வைகாசி விசாகமும் பௌர்ணமியும் ஒட்டி வந்த நாள். பெண்ணையும் பார்த்தாற்போல் இருக்கும், கிரிவலமும் வந்தாற்போல் இருக்கும் என்று அவர்கள் ஏற்பாடு. நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு.

ஆனால் ஒரு மணிக்கே வாசலில் வந்து நின்றார்கள். பௌர்ணமிக் கூட்டத்துக்காக மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். தனம் அப்போதுதான் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அப்பாதுரை வீட்டிலேயே இல்லை. இன்றைக்கு எதற்கும் ஒரு பாதுகாப்பு இருக்கட்டும் என்று அவரை ஊசி போட்டுக்கொள்ள அனுப்பியிருந்தாள்.

"சிந்து, பின்பக்கமா ஓடு. உங்கப்பாவைக் கையோட கூட்டிட்டு வா. நான் மோர் குடுத்து உக்கார வெக்கறேன்."

சிந்துஜா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். தையல் கடை மாடியில் அப்பா கட்டிலில் மல்லாந்து கிடந்தார். எட்டு ஊசியும் அதனதன் இடத்தில் நின்றன. பாயைக் காணோம்.

"மதியத் தொழுகைக்குப் போயிருக்காரு. அரை மணியில வந்து எடுத்துடுவாராம்" என்றார் அப்பா, மேகத்தின் மேல் படுத்திருப்பவர் குரலில்.

அப்போதுதான் சிந்துஜாவுக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவைக் கத்தவைக்க முடியாவிட்டால் போகட்டும். நெற்றியிலும் மண்டையிலும் ஊசியோடு ஒருவர் வந்து நின்றால், எந்தச் சம்பந்தி தட்டு மாற்றுவார்? இது ஏதோ மூளை கெட்ட குடும்பம் என்று தெறித்து ஓடிவிட மாட்டார்களா? நல்ல பிள்ளை யோசிக்கிற யோசனையில்லைதான். ஆனால் அவளுக்கு இருந்தது நாற்பத்தெட்டு மணி நேரம்.

"அவங்க வந்துட்டாங்கப்பா. பாய் வர்ற வரைக்கும் காத்திருந்தா மரியாதையா இருக்காது. அப்படியே வாங்க. டாக்டர் குத்தினதை நாம எடுக்கக் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பாதுரை. பழைய அப்பாதுரையாக இருந்தால் இந்த வாக்கியம் பிறந்தே இருக்காது. கால் ஊசி இரண்டை மட்டும், நடக்க வேண்டுமே என்று, சிந்துஜாவே மெதுவாக உருவினாள். மீதி ஆறு ஊசியோடு அவர் வெள்ளை வேட்டியும் வெறும் மேல்துண்டுமாகத் தெருவில் இறங்கினார். சட்டை மாட்ட முடியவில்லை. உச்சந்தலை ஊசி இடித்தது.

தெருவெங்கும் ஜனம். வடவீதி முருகன் கோயிலுக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. கன்னத்தில் வேலும் முதுகில் எலுமிச்சம்பழமுமாக அலகு குத்திய ஆட்கள் மஞ்சள் உடையில் ஆடிக்கொண்டு வந்தார்கள். சிந்துஜா இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். ஒரு அம்மாள் அப்பாதுரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஐயோ சாமி! கன்னத்துல குத்திப் பாத்திருக்கேன், நாக்குல குத்திப் பாத்திருக்கேன். உச்சந்தலையில குத்தினவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று அலறி, குடத்திலிருந்த மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். அடுத்த நொடி இன்னும் நாலு குடம். யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். ஒருவர் நெற்றி ஊசி ஆடாமல் சுற்றிவரப் பார்த்துப் பார்த்து விபூதி பூசினார். "ஒரு சொட்டு ரத்தம் வரல பாரேன்" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது ஆக்குபங்சருங்க" என்றார் அப்பாதுரை சாந்தமாக.

"என்னமோ மந்திரம் சொல்றாரு, வழி விடுங்க" என்று பம்பைக்காரன் முன்னால் நடந்தான்.

ஆக, சிந்துஜா தன் அப்பாவை வீட்டுக்குள் கூட்டிவந்தபோது கூடவே ஒரு பம்பையும் இரண்டு உடுக்கையும் முப்பது பேரும் வாசல் வரைக்கும் வந்தார்கள். கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். அவர் மனைவி, பெரிய மூக்குத்தி போட்ட பக்தை, இரண்டே எட்டில் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"கோபக்காரரு, ரெண்டு சம்பந்தத்தைக் கத்தியே விரட்டினவருன்னு ஊர்ல சொன்னாங்க. இந்தப் பொறுமையையா அப்படிச் சொன்னாங்க, படுபாவிங்க! எந்தக் கோயில்ல குத்தினீங்கண்ணா?"

"கோயில் இல்லம்மா, பே கோபுரத் தெருவுல நசீர் பாய்கிட்ட."

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? நம்ம முருகனுக்கு பாய் கையால அலகு! இந்த மனசு யாருக்கு வரும்? இதுக்கு மேல இந்த வீட்டுல விசாரிக்க என்ன இருக்கு?"

தனத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் காரியம் கூடிவருகிறது என்பது மட்டும் புரிந்தது. கேசரியைக் கொண்டுவந்து வைத்தாள். சிந்துஜா கடைசி ஆயுதங்களை எடுத்தாள். அப்பாவின் சாமந்திக் கஷாயத்தில் உப்பை அள்ளிப் போட்டாள். அவர் குடித்துவிட்டு, "இன்னிக்கு வேற மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றார். காப்பித் தட்டைக் கொண்டுபோகையில் வேண்டுமென்றே கைதவறி, ஒரு டம்ளர் காப்பியை அப்பாவின் வேட்டியில் கொட்டினாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"கை சுட்டுடுச்சாம்மா?" என்று கேட்டார் அப்பாதுரை.

அந்த ஒரு கேள்வியில் சிந்துஜாவுக்கு என்னவோ செய்தது. எழில் என்ற மாப்பிள்ளைப் பையன், பாவம், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கேசரியே கதி என்று உட்கார்ந்திருந்தான். ராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம். ஆவணியில முகூர்த்தம் பாத்துக்கலாம். பொண்ணு மேல படிக்கிறேன், வேலைக்குப் போறேன்னெல்லாம் இல்லாம இருந்தா போதும். தட்டை எடுங்க, மாத்திக்கலாம்."

தனம் ஓட்டமாக ஓடித் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள். அப்பாதுரை எழுந்து நின்றார். இரண்டு கையிலும் ஊசி இருந்ததால் தாம்பாளத்தை உள்ளங்கைகளால் ஏந்திக்கொண்டார். ராஜமாணிக்கமும் அவருடைய தட்டோடு கிட்டே வந்தார். இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

கத்த ஆளில்லை. வெடிக்க வெடியில்லை. இனி அவளே வாயைத் திறந்தால்தான் உண்டு.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், மேலே சொல் என்பது போல. அது அவளுக்குப் புதிது. ஆகவே சொன்னாள். பரீட்சை எழுதியது, தேறியது, ஆர்டர் வந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை, அதற்குத்தான் தான் ஆசைப்படுவது, எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா முன்னால் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்தாள். ஒன்றல்ல, ஏழெட்டு.

"என்னங்க இது?" என்றார் ராஜமாணிக்கம். "பொண்ணு சபையில வாயைத் திறந்து பேசுது, அப்பன் கேட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

"பேசட்டுங்க" என்றார் அப்பாதுரை. "அவ பேசி நானே இப்பத்தான் கேக்கறேன்." தட்டைப் பின்னால் இழுத்து, தனத்தின் கையில் கொடுத்தார். "அவ வேணாங்கறா. மன்னிச்சுக்கோங்க, இது நடக்காது."

ராஜமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டு சண்டைக்குத் தயாரானார். அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க. அலகோட நிக்கறவரு சொல்றாரு. நடக்காதுன்னு முருகனே வாக்கு குடுத்தப்பறம் என்ன பேச்சு? இந்த மட்டும் தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே சொன்னானே." மறுபடியும் ஒருமுறை விழுந்து கும்பிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு, குடும்பத்தைக் கிளப்பிக் கிரிவலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். எழில் மட்டும் வாசற்படியில் நின்று, "போளூருக்கு போஸ்டிங் வந்தா அந்தப் பாசஞ்சரை நேரத்துக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவன் பேசியது அது ஒன்றுதான்.

வீடு அடங்கியது. அதே நேரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நசீர் அகமது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "சார், இப்படியா எழுந்து வருவீங்க? ஊரெல்லாம் நான் அலகு குத்தறேன்னு பேசுது. தையல் கடை வாசல்ல நாலு பேரு காவடியோட காத்திருக்காங்க." அப்பாதுரையை நாற்காலியில் உட்காரவைத்து, பஞ்சை எடுத்துக்கொண்டு வலது காதிலிருந்து ஆரம்பித்தார்.

அப்பாதுரை மகளையே பார்த்தார். "செங்கத்துக்காரங்க வந்தப்ப, அந்தப் பேப்பரு?"

"நான்தாம்பா."

"சேத்துப்பட்டு? மோட்டாரு?"

"அதுவும்தான்."

பாய் ஊசியை உருவிய கை அப்படியே நின்றது. தனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என் வாய்தான்னு நெனச்சேன்" என்றார் அப்பாதுரை. "என் பாழாப்போன வாயால எம்பொண்ணு வாழ்க்கை போச்சேன்னு நெனச்சேன் சிந்து. ராத்திரி கண்ணை மூடினா அதான் வரும். உங்கம்மா இழுத்துட்டுப் போனதால போனேன்னு நெனச்சியா? இந்தக் கோவம் போனா எம்பொண்ணு பொழைச்சுப்பாளேன்னு போய்க் குத்திக்கிட்டேன். மண்டையில குத்துய்யான்னு நான்தான் கேட்டேன்."

சிந்துஜாவுக்குத் தாங்கவில்லை. பரீட்சையில் தேறிய மூளைக்கு இது தட்டவில்லையே. அவர் கோபத்தை அளந்தாள், எடை போட்டாள், உபயோகித்தாள். அவர் தூங்காததை மட்டும் பி.பி. என்று விட்டுவிட்டாள். தடாலென்று அவர் காலருகே உட்கார்ந்து, காப்பி வழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"திட்டுங்கப்பா. கத்தியாவது தொலைங்க. இப்படிப் பேசாதீங்க."

"வரலம்மா" என்றார் அவர், முயன்று பார்த்துவிட்டு. "நேரா வந்து கேட்டிருந்தா என்னம்மா?"

"கேட்டிருந்தா?"

அப்பாதுரை யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "கத்தியிருப்பேன்" என்றார். பாய் இடையில் புகுந்து, "ஆடாதீங்க சார்" என்று நெற்றி ஊசியை எடுத்தார். பிறகு கை ஊசிகள். கடைசியாக உச்சந்தலை ஊசிதான் மீதி.

"ஆர்டர் எங்க? கொண்டா பாக்கலாம்" என்றார் அப்பாதுரை.

அவள் பெட்டியைத் திறந்து, புத்தகத்தைப் பிரித்து, கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலாசத்தைப் படித்தார். "நசீர் அகமது மேற்பார்வையா?"

"எங்க வீட்டுக்கா வந்துச்சு?" என்று பாய் திடுக்கிட்டதில் உச்சந்தலை ஊசி கையோடு வந்துவிட்டது.

அப்பாதுரை கீழே படித்துக்கொண்டு போனார். ஒரு வரியில் நின்றார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு மெல்லப் புடைத்தது.

"ஜூன் ஒண்ணா? நாளன்னிக்கா?"

"ஆமாம்பா."

"நாளன்னிக்குத் திருச்சியில சேரணும், அதை இப்பவாடி சொல்றே!"

கூரை கிடுகிடுத்தது. பாய் ஒரு எட்டுப் பின்வாங்கினார். வாசலில் மிச்சமிருந்த பம்பைக்காரன் ஓடியே போனான்.

"பௌர்ணமிக்கு ஒரு பஸ்ஸு ஊருக்குள்ள வராது, எவன்டி உன்னைத் திருச்சியில கொண்டுபோய் விடுவான்? நான்தானே லீவு போடணும்! சூப்பிரண்டு லீவு போட்டா ஆபீஸ் என்னாகறது? போர்வை இருக்கா? ஹாஸ்டல்ல என்ன கருமத்தைப் போடுவானோ, ஊறுகாய் இருக்கா? தனம்! பெரிய பெட்டியை எறக்கு! பச்சைக் கொடியெல்லாம் அவனே தருவானா, நாம வாங்கணுமா? யோவ் பாய், நின்னு வேடிக்கை பாக்காம அந்த ஸ்டூலைப் பிடிய்யா! ஸ்டேஷன் மாஸ்டருன்னா எம்பொண்ணு எந்த ஊருக்கு வேணா போவா, ஒரு நல்ல செருப்பு இருக்காடி உனக்கு?"

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. சிந்துஜா அழுத முகத்தோடு நின்று, அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அதே உரத்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.